கம்பத்துக்கு வந்த கம்பம்

தலைப்பைப் பார்த்துவிட்டு ஊர்ப் பெருமை பேசப் போகிறான் என்று ஓடிவிடாதீர்கள். முதல் கம்பம் தேனி மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊர்ப்பக்கத்து கம்பம். இரண்டாவது கம்பம், திராட்சைக் கொடிக்கு முட்டுக் கொடுக்க ஊன்றுகிற மரக்கம்பம். அதுவும் சாதாரண மரமல்ல. மருந்து ஏற்றிய மரம். பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சு, எனவே உங்களுக்கும் அதில் பங்கு உண்டு :-)

முதலில் கொஞ்சம் வரலாறு. (தூக்கம் வந்தால் அடுத்த பத்திக்குப் போய்விடலாம்.) நியூசிலாந்தில் மால்பரோ என்று ஒரு பகுதி இருக்கிறது. 1973இல் அங்கே பெரிய அளவில் திராட்சை வைக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அந்த நாட்டு ஒயினில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. படங்களில் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நேர்கோட்டில் கொடி, அந்தக் கோட்டை எல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கிற லேசான பச்சை நிற மரக்கால்கள். ரேடியாட்டா பைன் என்ற மரம். அப்படியே மண்ணில் நட்டால் சில வருடத்தில் மக்கிப் போகிற சாதாரண மரம். அதை இருபது வருடத்துக்கு மேல் நிற்க வைப்பது உள்ளே ஏற்றியிருக்கும் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்து. சுருக்கமாக சிசிஏ என்பார்கள்.

இந்த மருந்தைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சோண்டி காமேசம். வருடம் 1933. உலகம் முழுக்கத் தந்திக் கம்பம், வேலிக்கால், திராட்சைக்கால் என்று கோடிக்கணக்கான மரங்களை நிற்க வைத்தது நம் நாட்டில் பிறந்த ஒரு கலவை. பள்ளிப் பாடத்தில் இவர் பெயரைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

மூன்று பொருளுக்கும் மூன்று வேலை. செம்பு பூஞ்சையைக் கொல்லும். திராட்சைக்காரர்களுக்கு இது புதிதல்ல, நாம் அடிக்கிற போர்டோ கலவையிலும் மயில்துத்தம்தான் இருக்கிறது. ஆனால் செம்புக்கு மசியாத பூஞ்சைகளும் உண்டு, கரையானும் உண்டு. அதற்கு ஆர்சனிக். இவை இரண்டும் மழையில் கரைந்து ஓடிவிடாமல் மர நாரோடு கட்டிப் போடுவது குரோமியம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

என் தாய்மாமாவுக்கு சுருளிப்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை. (2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கம்பம் பன்னீர்த் திராட்சை.) தாத்தா போட்ட கல்லுக்கால் பந்தல். அதில் ஒரு பக்கம் இருபது முப்பது கால் சாய்ந்தும் உடைந்தும் போயிருந்தது. இந்தச் சமயம் பார்த்து ஒரு வியாபாரி வந்து, "வெளிநாட்டுத் திராட்சைத் தோட்டம் பூரா இதுதான் சார்" என்று பச்சைநிறக் கம்பு இரண்டை மாதிரிக்கு இறக்கிவிட்டுப் போனார். கல்லை விட விலை குறைவு, தூக்க ஆள் குறைவு, இருபத்தைந்து வருட உத்தரவாதம். உத்தரவாதம் வாய்வழியில்தான்.

மாமா என்னைக் கூப்பிட்டார். "ஏ மாப்ள, நீ கணக்குதான படிக்கிற? எது லாபம்னு பாத்துச் சொல்லு. கடன் வாங்கித்தான் போடப் போறேன், பாத்துக்க." கடைசி வாக்கியத்துக்கு அப்புறம் எனக்கு விளையாட்டு போய்விட்டது. கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து வாங்கும் கடன். நகை அத்தையுடையது.

முதலில் நான் போட்ட கணக்கு எங்கள் இரண்டாம் வருடப் பாடத்தில் உள்ளதுதான். பொருளின் விலையைப் பார்க்காதே, வருடத்துக்கு என்ன விழுகிறது என்று பார். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். 400 ரூபாய்க்கு ஒரு மரக்கால், ஊன்றுகிற கூலி 300, ஏழு வருடம் நிற்கும் என்றால் வருடத்துக்கு 100 ரூபாய். 600 ரூபாய்க்கு நல்ல கால், அதே கூலி, இருபது வருடம் நிற்கும் என்றால் வருடத்துக்கு 45 ரூபாய். மலிவுக்கால் இரண்டு மடங்குக்கு மேல் விலை கூடியது! கூலி என்பது நல்ல காலுக்கும் கெட்ட காலுக்கும் ஒன்று என்பதுதான் இதில் சூட்சுமம். அதுவும் பந்தல் முழுக்கக் கொடி படர்ந்த பிறகு நடுவில் ஒரு காலை மாற்றுவது, கல்யாணப் பந்தியில் நடு இலையை உருவுகிற மாதிரி.

ஆக, கேள்வி எது மலிவு என்பதல்ல, எது ஏழு வருடக் கால், எது இருபது வருடக் கால் என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான். இரண்டுமே பச்சைதானே?

இந்த இடத்தில் எனக்கு உதவியது பெரியப்பா மகன். படிக்கப் போய், அப்படியே மால்பரோவில் திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கவாத்து முடிந்ததும் குளிர்காலத்தில் அங்கே உடைந்த கால் மாற்றுவதுதான் அவருக்கு வேலையே. அண்ணன் சொன்னதையும், நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம்மூரில் தச்சு வேலைக்கு மரம் பார்க்கும்போது என்ன சொல்வோம்? "நல்லா வைரம் பாஞ்ச கட்டையாப் பாரு." மருந்து ஏற்றுகிற பைன் மரத்தில் இது அப்படியே தலைகீழ். மருந்தை உறிஞ்சுவது வைரத்தைச் சுற்றியுள்ள வெளிமரம். வைரப் பகுதி மருந்தை உள்ளே விடாது. தேக்கின் வைரம் தானாகவே உழைக்கும், பைனுடைய வைரம் அப்படி உழைக்காது. அதனால் உருண்டையான முழுக்கால் நல்லது, சுற்றிலும் மருந்தேறிய வெளிமரம் கவசம் மாதிரி நிற்கும். பெரிய மரத்தை நாலாக அறுத்த காலும் அங்கே விற்கிறார்கள், ஆனால் அறுத்த பக்கத்தில் வைரம் வெளியே தெரிந்தால் கரையானுக்கு அது வாசல்.

மருந்து ஏற்றுவது என்றால் தொட்டியில் முக்கி எடுப்பது என்று நானும் மாமாவும் நினைத்துக்கொண்டிருந்தோம். முறையான ஆலையில் பெரிய இரும்பு உருளைக்குள் மரத்தை அடுக்கி, மூடி, முதலில் உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு மருந்துக் கரைசலை விட்டு, அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் தள்ளுகிறார்கள். கடைசியில் மறுபடி காற்றை உறிஞ்சி, ஒழுகுகிற மிச்சத்தை எடுக்கிறார்கள். 1838இல் ஜான் பெத்தெல் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய முறை, இன்றுவரை அடிப்படை அதுதான். மரம் ஈரமாக இருந்தால் மருந்து உள்ளே போக இடமே இருக்காது, எனவே முதலில் காய வைத்திருக்க வேண்டும். ஏற்றிய பிறகும் குரோமியம் தன் வேலையை முடிக்கச் சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகும். வெயில் ஊரில் சீக்கிரம், குளிர் ஊரில் தாமதம். லாரியிலிருந்து இறக்கும்போதே பச்சைத் தண்ணீர் சொட்டுகிற கம்பை வாங்கக் கூடாது. அது கையில் ஒட்டும், மண்ணில் இறங்கும்.

முக்கி எடுத்த கம்பும் உருளையில் ஏற்றிய கம்பும் வெளியே பார்க்க ஒரே பச்சை. வித்தியாசம் தெரிய ஒரே வழி, ஒரு கம்பை நடுவில் அறுத்துப் பார்ப்பதுதான். நுனியைப் பார்த்துப் பிரயோசனமில்லை, நுனி வழியே மருந்து சுலபமாக ஏறிவிடும். நடுவில் அறுத்தால் வெளிமரம் முழுக்க மருந்து போயிருக்கிறதா, இல்லை தோல் மாதிரி மெல்லிய பச்சைக் கோடு மட்டுமா என்று தெரியும். குரோம் அசுரால் என்கிற ஒரு சாயத்தைத் தடவினால் செம்பு இருக்கிற இடம் கருநீலமாக மாறும்.

நியூசிலாந்தில் இதற்கு எச்1 முதல் எச்6 வரை தரம் வைத்திருக்கிறார்கள். எச்1 வீட்டுக்குள் காய்ந்த இடத்துக்கு. எச்3 வெளியே, ஆனால் மண்ணைத் தொடாத இடத்துக்கு. எச்4 மண்ணில் ஊன்றுகிற காலுக்கு, திராட்சைக்கால் எல்லாம் இதுதான். எச்6 கடல் தண்ணீருக்குள் நிற்பதற்கு. நம் நாட்டிலும் மரப் பாதுகாப்புக்கு ஐஎஸ் 401 என்று ஒரு தரக்குறிப்பு இருக்கிறது. அந்த வியாபாரியிடம் மாமா போனில் கேட்டார், "ஐஎஸ் 401படி ஏத்துனதா?" பதில்: "ஐஎஸ்ஐ எல்லாம் இருக்கு சார்." அவ்வளவுதான்.

அடுத்தது கனம். இதில் வியாபாரிகள் விளையாடுவது சுலபம், ஏனென்றால் கண்ணுக்குக் கால் அங்குலம் பெரிதாகத் தெரியாது. உருண்டைக் கம்பு வளைவைத் தாங்கும் பலம் அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 75 மில்லிமீட்டர் கம்பையும் 100 மில்லிமீட்டர் கம்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்குதான் கனம் கூடுதல். பலமோ கிட்டத்தட்ட 2.4 மடங்கு. அளக்கும்போது மெலிந்த நுனியை அளக்க வேண்டும், அடியை அல்ல. கணு கூட்டமாக ஒரே இடத்தில் இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். மால்பரோவில் அறுவடை இயந்திரம் கொடியைப் பிடித்து உலுக்கும்போது ஒடிகிற இடம் பெரும்பாலும் அந்தக் கணு வளையம்தான் என்று அண்ணன் சொன்னார்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அவர்கள் ஊரில் எதற்கு மரம், எங்கள் ஊரில் எதற்குக் கல்? பழக்கம் மட்டும் இல்லை. அங்கே கொடி வரிசையாகச் சுவர் மாதிரி நிற்கிறது. காற்று பாய்மரத்தைத் தள்ளுகிற மாதிரி தள்ளும், இயந்திரம் பிடித்து உலுக்கும். எல்லாமே பக்கவாட்டில் வளைக்கிற வேலை. மரம் வளைந்து கொடுத்து நிமிரும். கல்லை அப்படி உலுக்கினால் இரண்டாகப் போகும். எங்கள் பந்தலில் கம்பி வலை, கொடி, குலை எல்லாம் மேலே இருந்து அழுத்துகிறது. ஆள்தான் கையால் பறிக்கிறார். மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்க கல்லை விட்டால் வேறு ஆளில்லை. ஓரத்துக் கால்கள் மட்டும்தான் கம்பியின் இழுப்பைத் தாங்க வேண்டும், அதற்கும் வெளிப்பக்கம் சாய்த்து ஊன்றி, மண்ணுக்குள் கல்லைப் புதைத்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். தாத்தாவுக்கு விட்டத்தின் மும்மடி தெரியாது, ஆனால் பந்தல் நாற்பது வருடம் நின்றது.

பராமரிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது ஏற்கெனவே மரக்கால் வைத்திருந்தால் உதவும். மரம் மக்குவதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். கம்பின் தலை பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஆழத்தில் காற்று குறைவு. இரண்டும் கிடைக்கிற இடம் மண்மட்டத்தை ஒட்டிய ஒரு சாண். வருடத்துக்கு ஒருமுறை கவாத்து முடிந்து கொடி மொட்டையாக இருக்கும்போது, அந்த இடத்து மண்ணைக் கொஞ்சம் விலக்கி ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்தால் போதும். சுலபமாக உள்ளே இறங்கினால் அந்தக் காலுக்கு நாள் எண்ண வேண்டியதுதான். தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தாலும் அப்படியே. சருகையும் களையையும் காலைச் சுற்றிக் குவித்து வைக்கக் கூடாது. உயரம் கூடுதல் என்று கம்பை அறுத்தால், அறுத்த முனை எக்காரணம் கொண்டும் மண்ணுக்குள் போகக் கூடாது, மேலே இருக்க வேண்டும். அதன் மேல் செம்பு நாப்தனேட் பூச வேண்டும். அடியில் தார் பூசுவதும், பழைய எஞ்சின் ஆயில் தடவுவதும், தீயில் வாட்டுவதும் எங்கள் பக்கம் வேலிக்கால்களுக்குச் செய்கிற வைத்தியம். அதெல்லாம் தோலோடு நின்றுவிடும், உள்ளே போகாது.

எனக்கு இந்த விஷயத்தில் பெரிய கேள்வியே காலின் ஆயுள் முடிந்த பிறகு வந்தது.

மால்பரோ கணக்கில் வரிசைக்கு வரிசை 2.5 மீட்டர், காலுக்குக் கால் 7.2 மீட்டர் என்று வைத்தால் ஒரு ஹெக்டேருக்கு சுமார் 555 கால். நூற்றுக்கு மூன்று ஒடிந்தாலும் வருடத்துக்குப் பதினாறு பதினேழு. அங்கே பல்லாயிரம் ஹெக்டேர் தோட்டம் இருக்கிறது. ஒடிந்த கால்கள் மலை மாதிரி குவிந்து கிடக்கிற படங்களை அண்ணன் அனுப்பினார். எரிக்க முடியாது. எரித்தால் ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையோடு கிளம்பும், மீதி செம்போடும் குரோமியத்தோடும் சாம்பலில் செறிந்து நிற்கும். 2019 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதியில் காட்டுத்தீ வந்தபோது திராட்சைத் தோட்டங்கள் நிறைய எரிந்தன. இந்த மாதிரிக் கால்கள் தீ அணைந்த பிறகும் தணலாகக் கனன்று அடிவரை போகும் குணம் உள்ளவை. மிஞ்சுகிற சாம்பல் நச்சுக் கழிவு. நியூசிலாந்தில் ரீபோஸ்ட் என்று ஒரு நிறுவனம் ஒடிந்த திராட்சைக்கால்களை வாங்கி, ஆணி பிடுங்கி, நல்ல பகுதியை அறுத்து மாட்டுப்பண்ணை வேலிக்கால்களாக விற்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் வேலிக்காலும் ஒருநாள் ஒடியும்.

அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இந்த மருந்தை ஏற்றுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2006லிருந்து விளையாட்டுத் திடல், வீட்டுத் தளம், கைப்பிடி போன்றவற்றுக்குத் தடை. அங்கே தோட்டக்காலுக்கு அனுமதி உண்டு. அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி ஆர்சனிக் ஏற்றிய மரத்தைப் புதிதாக மண்ணில் ஊன்றவே கூடாது. ஆர்சனிக் இல்லாத செம்பு மருந்துகளும் இருக்கின்றன, அதில் செம்பு அதிகம், ஆணியையும் கம்பியையும் சீக்கிரம் அரிக்கும்.

எங்கள் பாடத்தில் ஒரு சொத்தின் ஆயுள் முடிந்தால் கழிவு மதிப்பு என்று ஒன்று வரும். கடைசியில் இரும்புக்கடையில் போட்டால் கிடைக்கிற காசு. கல்லுக்காலுக்கு அது உண்டு. உடைந்த கல்லைக்கூட படிக்கட்டுக்கும் துவைக்கிற கல்லுக்கும் கேட்டு வாங்கிப் போவார்கள். இந்த மரக்காலுக்குக் கழிவு மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே. அப்புறப்படுத்த நாம்தான் செலவு செய்ய வேண்டும். இந்தியக் கணக்கியல் தரம் 16 அப்படிப்பட்ட அகற்றும் செலவை முதல் நாளே சொத்தின் விலையோடு சேர்க்கச் சொல்கிறது. அகற்ற இடமே இல்லாத ஊரில் என்ன தொகையைச் சேர்ப்பது?

எங்கள் ஊரில் மரத்துக்குக் கழிவு என்ற பேச்சே கிடையாது. உடைந்த ஏர், இற்றுப்போன கதவு, பழைய கட்டில் எல்லாம் போய்ச் சேருகிற இடம் வெந்நீர் அடுப்பு. அம்மாச்சி எழுபத்தாறு வயதிலும் வெந்நீருக்கு விறகுதான். அந்தச் சாம்பல்தான் பாத்திரம் விளக்க. மிச்சம் கத்தரிச் செடி மேல் தூவ, வாழைக்கு அடியில் கொட்ட. இதை நான் மாமாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாம எரிக்க மாட்டோம் மாப்ள. ஆனா வேலைக்கு வர்ற பிள்ளைக ரெண்டு துண்டு கிடந்தா எடுத்துட்டுப் போகுமே, அதுகிட்ட யாரு சொல்றது?" என்றார். என்னுடைய காகிதக் கணக்கில் இந்த வரி இல்லை.

மாமா கடைசியில் இருபத்தெட்டு கல்லுக்கால் சொல்லியிருக்கிறார். கடன் நான் போட்டுக் கொடுத்த மரக்கணக்கை விடக் கூடுதல்தான், ஆனால் முழுப் பந்தலையும் மாற்றாமல் சாய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றுவதால் அத்தையின் நகையில் பாதி வீட்டிலேயே இருக்கிறது.

வியாபாரி இறக்கிவிட்டுப் போன மாதிரிக் கம்பு இரண்டையும் எடுத்துப் போகச் சொல்லி நாலு தடவை போன் போட்டாயிற்று, ஆள் வரவில்லை. ஒன்றை நடுவில் அறுத்துப் பார்த்தோம். ஓரத்தில் நகக்கண் அளவுக்குத்தான் பச்சை, உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது. அறுத்த தூளைக் கூட்டி ஒரு சாக்கில் கட்டி, கம்புகளோடு சேர்த்து மோட்டார் அறைப் பரணில் ஏற்றி, சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அம்மாச்சி வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறாள், "அந்தக் கட்ட ரெண்டும் காஞ்சிருச்சாடா?"